குத்துமதிப்பும் நாற்காலியும்

விமானத்தை மூத்த கேப்டன் ஓட்டுவது பாதுகாப்பா, அனுபவம் குறைந்த துணை விமானி ஓட்டுவது பாதுகாப்பா? பயணிகளைக் கேட்டால் எல்லாக் கைகளும் கேப்டனுக்கே உயரும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1994-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. 1978 முதல் 1990 வரை அந்நாட்டு விமான நிறுவனங்களில் விமானிகளின் செயலும் ஒரு காரணமாக அமைந்த 37 பெரிய விபத்துகளை அது எடுத்துக்கொண்டது. விமானிகள் இருவரும் பொதுவாக முறைவைத்தே ஓட்டுவார்கள். இந்தப் பயணம் உன்னுடையது, அடுத்தது என்னுடையது. அப்படியிருந்தும் அந்த விபத்துகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேல், விபத்து நேரத்தில் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் கேப்டன்.

மோசமான வானிலையில் கேப்டனே பொறுப்பை எடுத்துக்கொள்வார் என்பதால் கணக்கு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆனாலும் அறிக்கையின் விரல் நீண்டது பக்கத்து இருக்கையை நோக்கி. ஓட்டாமல் இருக்கும் விமானியின் வேலை கவனிப்பதும் தவறைச் சுட்டிக்காட்டுவதும்தான். துணை விமானி தவறினால் கேப்டன் உடனே சொல்லிவிடுகிறார். தேவைப்பட்டால் கட்டுப்பாட்டையே வாங்கிக்கொள்கிறார். கேப்டன் தவறினால் துணை விமானி முதலில் அது தவறுதானா என்று யோசிக்கிறார். பிறகு எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார். பிறகு, இவ்வளவு பெரியவருக்குத் தெரியாததா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறார். அதற்குள் தரை வந்துவிடுகிறது.

அலுவலக முடிவுகளில் ஈகோவும் ஊகமும் கலந்திருப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டையும் குணக்கேடாக எடுத்துக்கொண்டு, பணிவு வேண்டும், தரவு வேண்டும் என்று அறிவுரை சொல்லி முடிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊகம் இல்லாமல் ஒரு கடையைக்கூடத் திறக்க முடியாது. தன்மேல் கொஞ்சம் மிகையான நம்பிக்கை இல்லாதவர் பொறுப்பான நாற்காலிக்கு வரவே மாட்டார். வந்தாலும் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடமாட்டார். ஒருவருடைய குத்துமதிப்பு அவருடைய பதவியின் எடையை வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதன்பின் அந்த எண்ணைச் சந்தேகிப்பது அந்த மனிதரைச் சந்தேகிப்பதாகிவிடும். ஆகவே யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் உள்ள தெனெரிஃப் விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ ஜெட்டுகள் பனிமூட்டத்தில் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை. அனுமதி கிடைக்குமுன்பே புறப்பட்டது டச்சு நிறுவனமான கே.எல்.எம்.-இன் விமானம். அதன் கேப்டன் அந்த நிறுவனத்தின் விமானிப் பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். நிறுவனத்தின் விளம்பரங்களில் முகம் காட்டியவர். அருகில் இருந்த துணை விமானிக்கு அந்த வகை விமானத்தை ஓட்டத் தகுதிச் சான்று கொடுத்தவரும் அவரே. ஓடுதளத்தில் வேகம் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்த பொறியாளர், எதிரே இருக்கும் விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அது அவருடைய ஊகம். ஆனால் கேட்டவர் காதில் அது தகவலாக விழுந்தது. மறுபடி யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் 2010 மே 22. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். தரையிறங்க வேண்டிய உயரத்தைவிட வெகு அதிகமான உயரத்தில் விமானம் வந்துகொண்டிருந்தது. மீண்டும் மேலே எழும்பிச் சுற்றி வரச் சொல்லித் துணை விமானி மூன்று முறை குரல் கொடுத்தார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. கேப்டன் இறக்கிவிடலாம் என்றே தொடர்ந்தார். ஓடுதளத்தில் பாதிக்கு மேல் கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன. பயணத்தின் பெரும்பகுதி அவர் உறங்கியிருந்தார், அந்தத் தூக்கக் கலக்கமும் சேர்ந்துகொண்டது என்றது விசாரணை நீதிமன்றம். ஆகவே முழுப் பழியையும் ஈகோவின் தலையில் கட்ட முடியாது. என்றாலும் தூக்கம் கலையாத ஒருவருக்கு அருகில், விழித்திருந்த ஒருவர் சரியானதைச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதும், கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்க அவரால் முடியவில்லை என்பதும் பதிவில் இருக்கின்றன.

திருக்குறளில் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்துப் படித்தால் ஊழியரின் இந்த இக்கட்டு எவ்வளவு பழையது என்று தெரியும். அமைச்சு அதிகாரம், அரசன் தானும் அறியாமல் சொல்வதையும் கேட்காமல் இருந்தாலும், உறுதியானதை எடுத்துச் சொல்வது அருகில் இருப்பவரின் கடமை என்கிறது. அங்கிருந்து ஆறு அதிகாரம் தள்ளி மன்னரைச் சேர்ந்தொழுகல் வருகிறது: நெருப்பருகில் குளிர்காய்பவரைப் போல விலகாமலும் நெருங்காமலும் இரு, குறிப்பறிந்து, நேரம் பார்த்து, வெறுக்காததைச் சொல். முதல் அறிவுரை நிறுவனத்தைக் காப்பாற்றும், இரண்டாவது வேலையைக் காப்பாற்றும். மாதச் சம்பளக்காரர் எதைக் கடைப்பிடிப்பார் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்” என்ற வாக்கியம் இரண்டாம் அதிகாரத்தின் இன்றைய வடிவம். அதைச் சொல்பவரைக் கோழை என்று திட்டுவது எளிது. அவர் வீட்டுக்கடன் தவணையை நாம் கட்டப்போவதில்லை.

இனி ஊகத்தின் பக்கம். உளவியலாளர் டேனியல் கானமன் சொந்த அனுபவமாகச் சொன்ன ஒரு நிகழ்ச்சி, என் பார்வையில் அவருடைய எல்லாச் சோதனைகளையும்விடக் கூர்மையானது. இஸ்ரேலியக் கல்வி அமைச்சகத்துக்காக, முடிவெடுத்தலைப் பற்றியே ஒரு பள்ளிப் பாடநூல் எழுத அவர் ஒரு குழுவைக் கூட்டினார். ஓராண்டு வேலை நடந்த பிறகு, நூல் முடிய எவ்வளவு காலமாகும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனித் தாளில் எழுதச் சொன்னார். எல்லோரும் ஒன்றரை ஆண்டுக்கும் இரண்டரை ஆண்டுக்கும் இடையில் எழுதினார்கள். பாடத்திட்ட வல்லுநர் ஒருவரும் குழுவில் இருந்தார். நம்மைப் போன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலமானது என்று கானமன் அவரிடம் கேட்டார். அவர் சற்றுக் கூச்சத்தோடு சொன்னார்: சுமார் நாற்பது விழுக்காட்டுக் குழுக்கள் வேலையை முடிக்கவே இல்லை, முடித்தவை ஏழு முதல் பத்து ஆண்டு எடுத்துக்கொண்டன. அதே மனிதர் சற்று முன் தன் தாளில் எழுதியதும் இரண்டரை ஆண்டுக்குள் ஒரு எண்தான். தகவல் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. தன் குழுவைப் பற்றி யோசிக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

உண்மை தெரிந்த பிறகு குழு என்ன செய்தது? சிறிது நேரம் பேசிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வேலையைத் தொடர்ந்தது. நூல் முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அமைச்சகத்தின் ஆர்வம் வடிந்துவிட்டது. நூல் பயன்பாட்டுக்கே வரவில்லை. முடிவெடுப்பதில் மனிதன் எங்கே தவறுகிறான் என்று உலகத்துக்குச் சொன்னவர் தலைமையில், அந்தப் பொருளைப் பற்றியே எழுதிய குழு அது. எட்டு ஆண்டை யாரும் அதிகாரத்தால் திணிக்கவில்லை. ‘நாம் மற்றவர்களைப் போல இல்லை’ என்ற கூட்டு ஈகோ ஒன்றே போதுமானதாக இருந்தது.

இப்படித் தவறும் ஊகங்கள் ஏன் பிடிபடுவதில்லை என்பதற்கு விடை நினைவாற்றலில் இருக்கிறது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போகுமுன், பயணங்களில் என்னென்ன நடக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று இஸ்ரேலிய மாணவர்களிடம் மதிப்பீடு வாங்கினார்கள் உளவியல் ஆய்வாளர்களான பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும். பயணங்கள் முடிந்து சில காலம் கழித்து, நீங்கள் அப்போது எழுதியதை நினைவுபடுத்தி மறுபடி எழுதுங்கள் என்றார்கள். நடந்துவிட்டதாக அவர்கள் நம்பிய நிகழ்ச்சிகளுக்கு, முன்பு கொடுத்ததைவிட அதிக வாய்ப்பு கொடுத்திருந்ததாகவே பெரும்பாலோர் நினைவுகூர்ந்தார்கள். யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்கும் குரல் பெரும்பாலும் நேர்மையான குரல்தான். நினைவுதான் விடையைப் பார்த்து வினாத்தாளைத் திருத்திக்கொண்டது. எழுதிவைக்காத ஊகம் ஒருபோதும் தோற்பதில்லை. முப்பது ஆண்டு அனுபவம் என்று நாம் மதிப்பதில் எவ்வளவு பங்கு இப்படித் திருத்தப்பட்ட நினைவு என்பதை அளக்க வழியும் இல்லை.

மாறாக, எழுதிவைத்துச் சரிபார்க்கும் தொழில்களில் ஊகம் மேம்படுகிறது. அமெரிக்க வானிலை அலுவலர்கள் மழைக்கு முப்பது விழுக்காடு வாய்ப்பு என்று அறிவித்த நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய முப்பது விழுக்காடு நாட்களில் மழை பெய்திருக்கிறது. நாம் கேலி செய்வது அவர்களைத்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் மறுநாள் வானம் அவர்களுக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறது. அரசியல் வல்லுநர்களுக்கு அந்தத் தண்டனை இல்லை. ஆய்வாளர் ஃபிலிப் டெட்லாக் இருபது ஆண்டுக் காலம் 284 வல்லுநர்களின் கணிப்புகளைச் சேகரித்து 2005-இல் நூலாக வெளியிட்டபோது, ஊடகங்கள் அதிகம் தேடிச் செல்லும் வல்லுநர்களே மற்றவர்களைவிட மோசமாகக் கணித்திருந்தார்கள். உறுதியாகப் பேசுவதற்குத்தான் மேடை கிடைக்கிறது. சரியாகச் சொல்வதற்கு அல்ல.

ஈகோவும் ஊகமும் கைகோக்கும்போது பணம் எப்படிப் போகிறது என்பதை 1976-இல் பேரி ஸ்டா என்ற ஆய்வாளர் காட்டினார். வணிகம் படித்த மாணவர்களை ஒரு கற்பனை நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளராக இருக்கச் சொன்னார். நிறுவனத்தில் இரண்டு பிரிவுகள். ஒன்றுக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும். சில ஆண்டுகள் கழிந்ததாகவும் தேர்ந்தெடுத்த பிரிவு தேறவில்லை என்றும் சொல்லி, இப்போது இன்னும் இரண்டு கோடி டாலர் இருக்கிறது, எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார். முதல் முடிவை வேறொருவர் எடுத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் தோற்ற பிரிவுக்குக் குறைவாகக் கொடுத்தார்கள். தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அதே தோற்ற பிரிவுக்குச் சராசரியாக 1.3 கோடி டாலர் கொட்டினார்கள். பணம் அவர்களுடையது அல்ல, நிறுவனமே கற்பனை. இருந்தும் முதல் முடிவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அதே ஸ்டா இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1997-இல் கலிஃபோர்னியாவின் 132 வங்கிகளின் ஒன்பது ஆண்டுக் கணக்குகளைப் பார்த்தார். எந்த வங்கியில் மூத்த நிர்வாகிகள் மாறினார்களோ அங்கே கெட்டுப்போன கடன்களை வாராக்கடன் என்று ஒப்புக்கொண்டு கணக்கை விட்டு நீக்குவதும் நடந்தது. கடன் திடீரென்று கெட்டுப்போகவில்லை. அதைக் கொடுத்த கை போய், கொடுக்காத கை வந்ததும் அது கண்ணுக்குத் தெரிந்தது. இந்தியப் பொதுத்துறை வங்கிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பழைய கடனின் வட்டியைக் கட்ட அதே நிறுவனத்துக்குப் புதுக் கடன் கொடுத்து, கணக்கை உயிரோடு காட்டுவது இங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2015-இல் ரிசர்வ் வங்கி வெளியிலிருந்து வந்து சொத்துத் தர ஆய்வு நடத்திய பிறகே உண்மை நிலை வெளிவரத் தொடங்கி, 2018 மார்ச்சில் நாட்டின் வணிக வங்கிகளின் மொத்த வாராக்கடன் ஏறக்குறைய 11 விழுக்காட்டைத் தொட்டது. இதில் ஈகோ ஒரு பங்குதான். விஜிலன்ஸ் விசாரணை பற்றிய அச்சமும் மூலதனப் பற்றாக்குறையும் சேர்ந்தே இருந்தன.

ஆளை மாற்றாமலே ஆள் மாறியதுபோல் யோசிக்க முடியுமா? 1985-இல் இன்டெல் நிறுவனம் தான் பிறந்த தொழிலான நினைவகச் சில்லுகளில் ஜப்பானியப் போட்டியாளர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தது. அதை நடத்திய இருவரில் ஒருவரான ஆண்ட்ரூ குரோவ், மற்றவரான கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மைத் துரத்திவிட்டு இயக்குநர் குழு புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகத்தைக் கைவிடுவார் என்றார் மூர், தயங்காமல். அப்படியானால் நாமே வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்துவிடலாமே என்றார் குரோவ். சொல்லக் கேட்க எளிது. அந்த உரையாடலுக்கு வந்துசேரவே அவர்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது.

இத்தனையும் ஒரே இரவில் கூடிவந்த கதை சேலஞ்சர் விண்ணோடத்தினுடையது. பலமுறை எழுதப்பட்டுவிட்டது என்றாலும் அதன் நுணுக்கத்தில் ஒன்றைத் தமிழில் அதிகம் பேசியதில்லை.

1986 ஜனவரி 27 மாலை, மறுநாள் ஃபுளோரிடாவில் கடுங்குளிர் என்ற செய்தி வந்ததும் திட ராக்கெட்டுகளைச் செய்துகொடுத்த தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டா மாநிலத்திலிருந்து நாசாவோடு தொலைபேசியில் கூட்டம் போட்டார்கள். ராக்கெட் துண்டுகளின் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும், கசியும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். ரோஜர் பாய்ஷலி என்ற பொறியாளர் ஆறு மாதம் முன்பே இதைப் பற்றி எழுத்தில் எச்சரித்திருந்தார். நாசாவின் மேலாளர்கள் எரிச்சலடைந்தார்கள். குளிருக்கும் கசிவுக்கும் தொடர்பு உண்டு என்று எண்ணால் நிரூபிக்கச் சொன்னார்கள். தயோக்கால் சில நிமிடம் கேட்டுத் தொலைபேசியை மூடியது. அரைமணி நேரம் தங்களுக்குள் பேசினார்கள். மூத்த மேலாளர் ஒருவர், பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்துப் பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போடும்படி சொன்னார். துணைத் தலைவர்கள் நால்வர் மட்டும் வாக்களித்தார்கள். பொறியாளர்களைக் கேட்கவில்லை. தயோக்கால் பேச்சை மாற்றியது. மறுநாள் காலை, 2 டிகிரியில் ஏவப்பட்ட விண்ணோடம் 73 வினாடியில் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

கெட்ட மேலாளர், நல்ல பொறியாளர் என்று கதையை இங்கே நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அன்று பொறியாளர்கள் காட்டிய ஆதாரமும் பலவீனமானது. குளிர்ந்த நாளிலும் சேதம் இருந்தது, வெப்பமான நாளிலும் சேதம் இருந்தது என்று அவர்களின் தாள்களே சொல்லின. காரணம், சேதம் ஏற்பட்ட பயணங்களை மட்டுமே எடுத்து வைத்திருந்தார்கள். சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்த பிறகு, விசாரணைக் குழு கண்டது இது: இணைப்பின் வெப்பம் 19 டிகிரியோ அதற்கு மேலோ இருந்த இருபது பயணங்களில் மூன்றில்தான் கோளாறு, 17 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்த நான்கு பயணங்களில் நான்கிலும் கோளாறு. இந்த எண்கள் அத்தனையும் அன்று இரவு அந்த நிறுவனங்களின் அலமாரிகளில் இருந்தன. ஒருவராவது எல்லாப் பயணங்களையும் ஒரே தாளில் எழுதியிருந்தால் போதும். ஆனால் வாதம் அப்போது தரவைப் பற்றியதாக இல்லை. யாருடைய ஊகத்தை யார் நிரூபிக்க வேண்டும் என்பதாக ஆகியிருந்தது. வழக்கமாக, ஏவலாம் என்பவர்தான் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும். அன்று, வேண்டாம் என்பவர் ஆபத்தை நிரூபிக்க வேண்டியதாயிற்று.

விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், விண்ணோடம் தோற்கும் வாய்ப்பு எவ்வளவு என்று நாசாவில் பலரைக் கேட்டார். வேலை செய்யும் பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவில் சொன்னார்கள். நிர்வாகம் இலட்சத்தில் ஒன்று என்றது. ஒவ்வொரு நாளும் ஒன்றை ஏவினாலும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்கு ஒன்றுதான் போகும் என்று அதற்குப் பொருள். 2011-இல் திட்டம் முடிந்தபோது மொத்தப் பயணங்கள் 135, அழிந்தவை இரண்டு. இயந்திரம் ஒன்றுதான். மாடிப்படி ஏற ஏற அதன் மேல் நம்பிக்கை ஆயிரம் மடங்கு ஏறியிருந்தது.

நம் நாட்டில் இதே வகைத் தருணம் ஒன்று உண்டு. அதன் இரண்டாம் பாதியைத்தான் நாம் பாடப்புத்தகம்போல் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா, எஸ்.எல்.வி.-3 ஏவுகலத்தின் முதல் பயணம். திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஏவுகலம் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் தோல்வியைத் தானே ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் வெற்றி கிடைத்தபோது கலாமைப் பேசச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம்.

முதல் பாதி என்ன? ஏவுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் கணினி எண்ணிக்கையை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. உடனிருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டு, எரிபொருள் இருப்பு போதும், கவலை வேண்டாம் என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாடு போய்விட்டது. இதைத் தோண்டி எடுத்தது எந்தப் பத்திரிகையாளரும் அல்ல. கலாமே பின்னாளில், குடியரசுத் தலைவர் பதவிக்குப் பிறகும், தானே சொன்னார். கணினி வேண்டாம் என்றது, நான் மீறினேன் என்று அவ்வளவு இயல்பாக அவரால் சொல்ல முடிந்ததற்கு தவானும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தோல்விக்கான விலையை வேறொருவர் அன்றே கட்டிவிட்டார். அதனால் அந்த ஊகத்தை மறைக்க வேண்டிய தேவை கலாமுக்கு மிஞ்சவில்லை. தவான் அன்று பெருந்தன்மையைக் காட்டியதோடு ஒரு தகவலையும் காப்பாற்றினார்.

மருத்துவமனைகளில் ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் கண்டதும் இதற்கு இணக்கமானது. நல்ல குழுக்கள் மருந்துத் தவறுகளைக் குறைவாகச் செய்யும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் பதிவான தவறுகளே அதிகம். அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் சொல்லப்பட்டது. மற்றப் பிரிவுகளில் செவிலியர்கள் வாய் திறக்கவில்லை. நம் நிறுவனங்களில் புகாரே வராத பிரிவுக்குப் பரிசு கொடுக்கும் பழக்கத்தை இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கலாம்.

அறிவுரையால் ஈகோ குறைந்ததாக எங்கும் சான்று காண்பது அரிது. குறைந்த இடங்களில் எல்லாம் மாறியது வேலை செய்யும் முறை. விமானத் துறை 1979-இல் நாசா நடத்திய பட்டறைக்குப் பிறகு, கேப்டனை மறுப்பதைத் துணை விமானியின் துணிச்சலாக விட்டுவைக்காமல் அவருடைய வேலையாகவே ஆக்கியது. எந்தச் சொற்களில் மறுக்க வேண்டும் என்பதற்கும் பயிற்சி வந்தது. ராணுவ நீதிமன்றங்களில் உறுப்பினர்களின் கருத்தைப் பதவியில் இளையவரிடமிருந்து தொடங்கிக் கேட்கும் மரபு நெடுங்காலமாக இருக்கிறது. ஜெனரல் பேசிய பிறகு லெஃப்டினன்ட்டுக்குச் சொந்தக் கருத்து இருக்காது என்று யாரோ ஒருவர் எப்போதோ கண்டுகொண்டிருக்கிறார். கேரி க்ளைன் என்ற உளவியலாளர், திட்டம் தொடங்குமுன்பே அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு ஏன் தோற்றது என்று எல்லோரையும் எழுதச் சொல்லும் முறையைப் பரிந்துரைத்தார். சந்தேகிப்பவர் துரோகி ஆகாமல், வேலையைச் சரியாகச் செய்தவராகிறார்.

கானமன் இருபதுகளின் தொடக்கத்தில் இஸ்ரேலிய ராணுவத்துக்காக அமைத்த நேர்காணல் முறை இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆளைப் பார்த்ததும் எடைபோட்டுவிடும் வழக்கத்தை நிறுத்தி, ஆறு குணங்களுக்குத் தனித்தனியே உண்மை விவரங்களைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார். நேர்காணல் எடுத்தவர்கள் கொதித்தார்கள். எங்களை இயந்திரமாக்குகிறாய் என்றார்கள். அவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்: ஆறு மதிப்பெண்ணும் போட்ட பிறகு கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட வீரராக வருவார் என்று உங்கள் மனசுக்குப் பட்டதையும் ஒரு எண்ணாக எழுதுங்கள். பின்னர் ஒப்பிட்டபோது, கண்ணை மூடிப் போட்ட எண்ணும் ஆறு மதிப்பெண்ணின் கூட்டும் ஒரே அளவுக்குப் பலித்தன. விவரத்துக்கு முன்னால் வரும் உள்ளுணர்வு பயனற்றது. பின்னால் வரும் உள்ளுணர்வுக்கு மதிப்பு உண்டு. அவர்களுடைய ஈகோவை அவர் நசுக்கவில்லை, வரிசையில் கடைசியில் நிற்கச் சொன்னார்.

நாசா ஒரே பாடத்தை இரண்டு முறை படித்தது. 2003-இல் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இறக்கையில் மோதியது. அதைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டது மேலே போய் நின்றுவிட்டது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் விண்ணோடம் சிதறி மறுபடி ஏழு பேர் இறந்தார்கள். சேலஞ்சரின் நிர்வாகக் குறைகள் அப்படியே இருந்தன என்றது இரண்டாம் விசாரணைக் குழு. பதினேழு ஆண்டுகளில் எத்தனை உரைகள் நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

மாற்றம் தெரிந்தது 2006 ஜூனில். டிஸ்கவரி விண்ணோடத்தை ஏவலாமா என்று முடிவு செய்யும் கூட்டத்தில், நாசாவின் பாதுகாப்புத் தலைவர் பிரயன் ஓகானரும் தலைமைப் பொறியாளர் கிறிஸ் ஸ்கோலீஸும் ஏவ வேண்டாம் என்று எழுத்தில் பதிவு செய்தார்கள். தொட்டியின் ஒரு பகுதி நுரை இன்னும் பிய்ந்து விழக்கூடும் என்பது அவர்கள் கவலை. நாசாவின் தலைவர் மைக்கேல் கிரிஃபின் இருவரையும் கேட்டார், காரணங்களைப் பொதுவில் விளக்கினார், ஏவ முடிவு செய்தார். இருவரும் மேல்முறையீடு செய்யவில்லை. சேதம் நேர்ந்தாலும் வீரர்கள் விண்வெளி நிலையத்தில் தங்கி உயிர் தப்பலாம் என்பதால், தங்கள் மறுப்பு விண்ணோடத்தைப் பற்றியது, வீரர்களின் உயிரைப் பற்றியது அல்ல என்று சொன்னார்கள். இருவரும் தங்கள் பதவிகளில் தொடர்ந்தார்கள். டிஸ்கவரி ஜூலை 4-இல் கிளம்பி 17-இல் பத்திரமாக இறங்கியது. அதனால் கிரிஃபின் சரி, மற்ற இருவரும் தவறு என்று ஆகிவிடாது. ஒரு பயணத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் சுட்டிய நுரைப்பகுதியின் வடிவத்தை நாசா பின்னர் மாற்றியமைத்தது.